பதினோராவது சாட்சி

பேரு ரோசலி. வயசு எழுவத்தொண்ணு.
வேலை, ஐஸ் ஃபாக்டரி பின்னால எறா உரிச்சது.
இந்த வெரல்ல நகம் மொளைக்காது, பாருங்க,
அதையும் எழுதிக்கங்க ஃபாதர்.

தெக்லாவ எப்பிடித் தெரியும்னா,
ஒரே பம்பு.
காசிமேட்டுல எங்க சந்துக்கு மொத்தமே அது ஒண்ணுதான்.
அது வெறுங்காத்தத் துப்புன வருஷம்
ராத்திரி ரெண்டு மணிக்கு லாரி வரும்,
வந்தா வரும்.
வரிசையில ஆளுங்க நிக்கறதில்ல, குடம்தான் நிக்கும்,
பச்ச, ஆரஞ்சு, இடுப்பு நசுங்குன பித்தளை.
அவ ஒண்ணொண்ணா தொட்டு ஜெபமாலை சொல்லுவா,
குடத்துக்கு ஒரு அருள் நிறைந்த மரியே.
பக்தின்னு நெனச்சிங்களா?
எவளாச்சும் நடுவுல குடத்த சொருவுனா
கணக்கு ஒதைக்கும். கண்டுபுடிச்சிருவா.
அப்புறம் அவ வாயில வர்றது ஜெபம் இல்ல.

ஒருநா அம்பத்துமூணும் முடிஞ்சி
ஒரு குடம் மிச்சம்.
யாருதுன்னு கேட்டா பதில் இல்ல.
'ரொப்பி வைங்கடி, வருவா'ன்னா.
வரல. அந்தக் குடத்துக்காரி சாயங்காலமே
ஸ்டான்லியில போய்ச் சேந்துட்டா,
எங்களுக்கு விடிஞ்சிதான் தெரியும்.
நானும் தெக்லாவும் தூக்கினு போனோம்.
உள்ள அவ புருஷன் கபாலி,
ரெண்டு காலும் வராதவன்,
நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கினு.
குடிச்சான். குடிச்சிட்டுத்தான்
'அவ எங்க'ன்னு கேட்டான்.

அவ்ளோதான் ஃபாதர், ஆரம்பம்.
தரிசனம், வெளிச்சம் எதுவும் வரல.

கடைசிக் குடம் நம்மளுது இல்ல,
இது மொத சட்டம்.
குடத்த எறக்குற வூட்டுல பாத்தத வெளிய பேசக் கூடாது,
இது ரெண்டாவது.
கொருக்குப்பேட்டைக்குப் போச்சு, எர்ணாவூருக்குப் போச்சு,
ஹசீனா சேந்தா, மாரியாத்தாளுக்குக் கூழு ஊத்துற குப்பு சேந்தா.
பிஷப் வூட்டுலருந்து ஆளு வந்து
'இது சபையா, சங்கமா? நியமம் எங்க?'ன்னாரு.
ரேஷன் கார்டு அட்டையில அந்த ரெண்டு வரியையும்
அவரையே எழுதச் சொன்னா.
அவளுக்கு எழுத வராது.

இப்ப பைபிள் மேல கை வெக்கச் சொல்லி
உள்ளதெல்லாம் சொல்லுன்றீங்க.
ரெண்டு சத்தியத்துக்கு நடுவுல ஒக்காந்துக்கினு கீறேன்.

சொல்லிர்றேன்.

துறைமுகத்துல கரி எறக்குன காலம்.
மாவு பெசஞ்சா கறுப்பு, மூக்கச் சிந்துனா கறுப்பு,
கெபி மாதாவுக்கு மொகமே இல்ல.
மே மாசம். கபாலி வூட்டுக்கான குடம்
அன்னிக்கு அவ முறை.
நெருப்புப் பெட்டி கேக்கப் போனேன், கதவு சாத்தல.
உள்ள பாவாடையோட அம்மிக்கல்லு மேல ஒக்காந்துக்கினு
அந்தத் தண்ணிய
மக்கு மக்கா தன் தலையில ஊத்திக்கினு கீறா.
அவசரமே இல்ல.
ஏதோ சினிமாப் பாட்டு, வாய்க்குள்ளயே.
கரி மொதல்ல மையா ஓடிச்சு,
அப்புறம் சாம்பலா,
அப்புறம் வெறும் தண்ணியா.
குடத்தக் கவுத்து உதறி
கடைசிச் சொட்டையும் புடரியில வுட்டுக்கினா.
அன்னிக்கு அவளுக்கு இன்னான்னு
இது வரைக்கும் எனக்குத் தெரியாது.

விடிஞ்சதும் கபாலி வூட்டுக்கு அவளே போனா.
அவன் திட்டுன திட்டு சந்து மொத்தம் கேட்டுது,
இவளும் வுடல.
கொஞ்ச நேரம் கழிச்சி ரெண்டு பேரும் சிரிக்கிற சத்தம்.

இன்னா ஃபாதர், பேனாவ மூடிட்டிங்க?
அற்புதம் எதாச்சும் பாத்தியான்னு கேட்டிங்களே.
அவ சந்தோஷமா இருந்து நான் பாத்தது
அந்த ஒரு தபாதான்.

ஹாரன் கேக்குதா? லாரி.
மிச்சத்தக் கேக்கணும்னா அங்க வாங்க.
கழுத்துல செவப்புக் கயிறு கட்டுன மஞ்சக் குடம்,
அது பக்கத்துல நிப்பேன்.